36 சுற்றில் பிறந்த இசை

1986இல் பெல்ஜியத்தின் அ ஸ்பிளிட்-செகண்ட் என்ற குழு ‘ஃபிளெஷ்’ என்றொரு இசைத்தட்டை வெளியிட்டது. நிமிடத்துக்கு 45 சுற்றில் ஓடவேண்டிய தட்டு அது. ஆன்ட்வெர்ப் நகரில் ஏன்சியன் பெல்ஜிக் என்ற நடன விடுதி இருந்தது (பிரஸ்ஸல்ஸில் அதே பெயரில் இருக்கும் புகழ்பெற்ற அரங்கம் வேறு). அங்கே டிக்க ரோனி என்ற டிஜே அந்தத் தட்டை 33இல் ஓடவிட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை மேல் எல்லையான 8 சதவீதத்துக்குத் தள்ளினார். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 36 சுற்று வருகிறது. பாட்டின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சுருதி, ஆர்மோனியத்தில் கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து எண்ணினால், ஏறக்குறைய நான்கு கட்டை கீழே இறங்கியது. நியூ பீட் என்ற நடன இசை பிறந்த கதையாக இதைத்தான் சொல்கிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கும் கதை. ஆனால் இதைத் தற்செயல் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தவறான வேகத்தில் தட்டு ஓடுவது எந்த ஊரிலும் நடக்கும்; ஒருவர் ஓடிப்போய்ச் சரிசெய்வார். சரிசெய்ய வேண்டாம், இப்படியே ஓடட்டும் என்று கூட்டம் ஆடத் தொடங்கியது பெல்ஜியத்தில். அதற்குக் காரணம் அங்கே ஏற்கெனவே இருந்தது.

1970களில் ஆன்ட்வெர்ப்புக்குப் பக்கத்தில் வ்ராசன என்ற கிராமத்தில் பாப்கார்ன் என்ற நடனக்கூடம் புகழ்பெற்றிருந்தது. அமெரிக்காவில் யாரும் சீந்தாத பழைய சோல், ரிதம் அண்ட் ப்ளூஸ் தட்டுகளைத் தேடிப்பிடித்து அங்கே போடுவார்கள். ஜோடி சேர்ந்து நிதானமாக ஆடும் ஆட்டம். அந்த அடிவைப்புக்குப் பாட்டு வேகமாக இருந்தால் டிஜே தட்டின் வேகத்தைக் குறைத்துவிடுவார். பாடகரின் குரல் தடித்துப்போவதைப் பற்றி ஆடுகிறவர்களுக்குக் கவலையில்லை. அந்த இசைக்கே பாப்கார்ன் என்று பெயர் நிலைத்துவிட்டது. பாடியவர் எந்த வேகத்தில் பாடினார் என்பதைவிட, ஆடுகிற கால் எந்த வேகத்தைக் கேட்கிறது என்பதே முக்கியம் என்ற பழக்கம் இப்படி அந்த வட்டாரத்தில் ஊறிப்போயிருந்தது. ரோனியின் கை நகர்த்தியைத் தொட்டபோது அந்தப் பழக்கமும் கூடவே இருந்தது.

இதோடு இன்னொன்று சேர்ந்தது. பெல்ஜியத்தின் ஃப்ரண்ட் 242 போன்ற குழுக்கள், சின்தசைசரும் டிரம் மெஷினும் கொண்டு, ராணுவ நடைபோல இறுக்கமான ஓர் இசையை உருவாக்கியிருந்தன. எலக்ட்ரானிக் பாடி மியூசிக் என்பது அதன் பெயர், சுருக்கமாக ஈபிஎம். ‘ஃபிளெஷ்’ அந்த வகைத் தட்டுதான். அதை மெதுவாக ஓடவிடும்போது நடப்பதைக் காதால் கேட்டாலொழிய நம்ப முடியாது. டிரம்மின் ஒவ்வொரு அடியும் நீண்டு அதிர்கிறது. பேஸ் நெஞ்சுக்குள் இறங்குகிறது. அடிக்கும் அடிக்கும் நடுவே, வேகத்தில் தெரியாமலிருந்த வெற்றிடம் திறந்துகொள்கிறது. உடம்பு துள்ளுவதை விட்டுக் கனத்து ஆடத் தொடங்குகிறது. ஹவுஸ் என்ற நடன இசை நிமிடத்துக்கு 120 அடிகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், நியூ பீட் பெரும்பாலும் 100க்கும் 115க்கும் நடுவே நின்றது. அந்தக் கனமான, இருண்ட நிதானமே அதன் இலக்கணம்.

அடுத்த கட்டம் தானாக வந்தது. மெதுவாக்கித்தான் கேட்கப்போகிறார்கள் என்றால், மெதுவாகவே பதிவுசெய்துவிடலாமே! கென்ட் நகரை ஒட்டிய டெஸ்டல்பெர்கனில் இருந்த பொக்காச்சியோ என்ற பிரம்மாண்டமான விடுதி இந்த இசையின் தலைமையிடமானது. ஞாயிறு இரவுகளில், மறுநாள் வேலை நாள் என்பதையும் பொருட்படுத்தாமல் கூட்டம் அங்கே குவிந்தது. 1988இல் தட்டுகள் வெள்ளமாக வெளிவந்தன. ரோலண்ட் பீலன், யோ காஸ்டர்ஸ், ஹெர்மன் கில்லிஸ் என்ற மூவர் மட்டுமே விதவிதமான பெயர்களில் எத்தனையோ தட்டுகளை வெளியிட்டார்கள். அட்டையில் ஒரு புதுக்குழுவின் பெயர் இருக்கும். உள்ளே அதே மூவர். இந்த பீலனின் ஆன்ட்லர் நிறுவனம்தான் ‘ஃபிளெஷ்’ தட்டையும் வெளியிட்டது. கான்ஃபெட்டிஸ் என்ற விடுதியின் பெயரையே குழுவின் பெயராக வைத்து வந்த ‘தி சவுண்ட் ஆஃப் சி’ பெரும் வெற்றிபெற்றது. அவசர அவசரமாகச் செய்த மலிவான தட்டுகளும் ஏராளம். அவைதான் இந்த இசையைச் சீக்கிரம் சலிக்கவைத்தன என்று நினைக்கிறேன்.

1990க்குள் அலை ஓய்ந்துவிட்டது. ஆனால் அதில் கைபழகியவர்கள் ஓயவில்லை. நியூ பீட் தட்டுகள் செய்துகொண்டிருந்த யோ போகார்ட், வேகத்தைக் கூட்டி, டெக்னோட்ரானிக் என்ற பெயரில் 1989இல் ‘பம்ப் அப் தி ஜாம்’ பாட்டை வெளியிட்டார். அது அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. பாடியவர் கின்ஷாசாவில் பிறந்து பெல்ஜியத்துக்கு வந்த யா கிட் கே என்ற இளம்பெண். ஆனால் அட்டையில் இருந்ததும் வீடியோவில் உதட்டை அசைத்ததும் ஃபெல்லி என்ற மாடல். முகம் ஒருவர், வேலை வேறொருவர் என்பது நியூ பீட் காலத்தில் விளையாட்டாகத் தெரிந்திருக்கலாம். உலகமே கேட்ட ஒரு குரலுக்கு அதைச் செய்தது அநியாயம். அடுத்து வந்த ‘கெட் அப்’ பாட்டின் வீடியோவில் யா கிட் கே தானே தோன்றினார். தட்டிலும் அவர் பெயர் அச்சாகியிருந்தது.