ஈடு வைத்த பக்கங்கள்

2003 வாக்கில் வலைப்பதிவு வைத்திருந்தவர்கள் பலருக்கு ‘ரீபில்ட்’ என்ற பொத்தான் மறந்திருக்காது. பென் ட்ராட், மேனா ட்ராட் என்ற அமெரிக்கத் தம்பதி 2001ல் வெளியிட்ட மூவபிள் டைப் மென்பொருளில் இருந்தது அது. பதிவை எழுதிச் சேமித்ததும் அது ஹெச்டிஎம்எல் கோப்பாகி சர்வரில் போய் உட்கார்ந்துவிடும். யார் வந்து கேட்டாலும் அதே கோப்பை எடுத்துக் கொடுப்பதுதான் சர்வரின் வேலை. தளத்தின் வார்ப்புருவில் கை வைத்தால்தான் வினை. தலைப்பின் நிறத்தை மாற்றினால்கூட அதுவரை எழுதிய அத்தனை பக்கங்களையும் திரும்பக் கட்ட வேண்டும். பதிவுகள் ஆயிரத்தைத் தாண்டியவர்கள் பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம். திரும்பி வரும்போது வேலை பாதியில் நின்றிருந்தாலும் ஆச்சரியமில்லை.

மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003ல் வெளியிட்ட வேர்ட்பிரஸ்ஸில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே எதையும் முன்கூட்டிக் கட்டி வைப்பதில்லை. ஆள் வந்து கேட்டால்தான் பிஹெச்பி நிரல் எழுந்து டேட்டாபேஸிடம் ஒவ்வொன்றாக விசாரித்துப் பக்கத்தைத் தயாரிக்கும். நிறத்தை மாற்றினால் அடுத்த நொடியே தெரியும். 2004 மே மாதம் மூவபிள் டைப் 3.0 வந்தது. இலவசப் பதிப்பில் ஓர் எழுத்தாளர், மூன்று பதிவுத்தளங்கள், அதற்கு மேல் காசு என்றது. கோபித்துக்கொண்டு கிளம்பியவர்களில் நிறையப் பேர் வேர்ட்பிரஸ் பக்கம் வந்தார்கள். அதே மாதம் வந்த வேர்ட்பிரஸ் 1.2ல்தான், கூடுதல் நிரல்களைச் செருகிக்கொள்ளும் ப்ளகின் வசதியும் சேர்ந்தது.

மூவபிள் டைப் இட்லிக் கடை என்றால் வேர்ட்பிரஸ் தோசைக் கடை. இட்லியை ஈடு ஈடாக அவித்து வைத்துவிடலாம். தோசையைக் கேட்ட பிறகுதான் ஊற்ற முடியும். நாலு பேர் உட்கார்ந்திருக்கும்வரை தோசைக் கடைக்காரருக்குக் கவலையில்லை. வாசலில் ஒரு பஸ் கூட்டம் இறங்கினால்?

இணையத்தில் அப்படிப்பட்ட பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்லாஷ்டாட், டிக் போன்ற தளங்களின் முகப்பில் ஒரு சுட்டி ஏறினால் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்து இறங்குவார்கள். மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருக்கும் தளம் அதைத் தாங்காது. எழுதியவரின் பெயர் உலகத்துக்குத் தெரியவந்த அதே நாளில், டேட்டாபேஸோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்ற ஒற்றை வரியைத்தான் வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதல் மருந்துகளில் ஒன்று ஸ்பெயினின் மயோர்க்கா தீவிலிருந்து வந்தது. அங்கே பல்கலைக்கழக ஆசிரியராக இருந்த ரிக்கார்டோ கல்லி, முல்லன்வெக் கைவைத்திருந்த ‘ஸ்டாட்டிசைஸ் ரீலோடட்’ என்ற ப்ளகினை அடிப்படையாக வைத்து 2005ல் ‘டபிள்யூபி கேஷ்’ செய்தார். ஒருமுறை தயாரான பக்கத்தை அது கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்தவருக்கு டேட்டாபேஸ் பக்கமே போகாது. ஆனாலும் அந்தக் கோப்பை எடுத்துக் கொடுக்க ஒவ்வொரு முறையும் பிஹெச்பி எழுந்தாக வேண்டும்.

அந்த எழுப்பலும் எதற்கு என்று கேட்டவர் அயர்லாந்தின் டான்கா ஓ கீவ். கல்லியின் நிரலை எடுத்து 2007ல் அவர் ‘டபிள்யூபி சூப்பர் கேஷ்’ ஆக்கினார். இதில் கோப்பு முழுமையான ஹெச்டிஎம்எல்லாக இருக்கும். சர்வர் மென்பொருளான அப்பாச்சியின் ரீரைட் விதிகளே அதைத் தேடி எடுத்துக் கொடுத்துவிடும், பிஹெச்பிக்குச் சேதியே போகாது. சுற்றி வளைத்து மூவபிள் டைப்பிடமே வந்தாயிற்று. அந்த முகாமை விட்டு வந்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்தான்.

‘கேஷ்’ என்ற பெயர் இதற்கெல்லாம் மூத்தது. ஒளித்து வைப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. வட அமெரிக்காவில் தோலுக்காக வேட்டையாடியவர்கள் காட்டில் மறைத்துவைத்த உணவுக்கு அந்தப் பெயர். கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் 1965ல் இந்த உத்தியை எழுதியபோது ‘அடிமை நினைவகம்’ என்றார். 1968ல் ஐபிஎம்மின் 360/85 கணினியைப் பற்றிய கட்டுரை அச்சேறியபோதுதான் கேஷ் என்ற பெயர் நிலைத்தது. தமிழில் எழுதினால் கல்லாப்பெட்டியில் இருப்பதும் கேஷ், சர்வரில் இருப்பதும் கேஷ். இரண்டையும் சரியாகப் பார்த்துக்கொள்ளாவிட்டால் கடை நடக்காது.

2009ல் ஃப்ரெடரிக் டௌன்ஸின் ‘டபிள்யூ3 டோட்டல் கேஷ்’ வந்தது. அதைத் திறந்தால் விருப்பத்தேர்வுகள் பக்கம் பக்கமாக நீளும். எதை டிக் செய்வது, எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் டிக் செய்து தளத்தைக் கலைத்துக்கொண்டவர்கள் உண்டு. சமைத்து வைத்த பக்கத்துக்குள் ஒரு துண்டை மட்டும் புதிதாக ஓடவைக்கும் வசதி சூப்பர் கேஷ், டோட்டல் கேஷ் இரண்டிலும் இருந்தது. 2013ல் அதுவே ஓட்டையானது. அந்தத் துண்டுக்குரிய குறிச்சொல்லோடு யாராவது பின்னூட்டம் எழுதினால், அதற்குள் இருக்கும் நிரலை சர்வர் நிஜமாகவே இயக்கிவிடும். இரண்டையும் அவசரமாகத் திருத்தி வெளியிட்டார்கள்.

அன்றாடத் தலைவலி வேறு. ஜவுளிக்கடைத் தளம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தள்ளுபடி முடிந்துவிட்டது. முகப்பின் மேல்பட்டையை தீம் கோப்பில் நேரடியாக மாற்றுகிறார் தளத்தைப் பார்த்துக்கொள்பவர். அவருக்குப் புதுப் பட்டை தெரிகிறது, வாடிக்கையாளருக்கோ பழைய தள்ளுபடி. “எனக்குச் சரியாத்தான் சார் தெரியுது” என்கிறார் இவர். இருவரும் பொய் சொல்லவில்லை. உள்நுழைந்திருப்பவருக்கு சூப்பர் கேஷ் வழக்கமாக ஈடு வைத்த கோப்பைக் கொடுப்பதில்லை, சூடாகவே ஊற்றும். பதிவைத் திருத்தினால் அதன் பழைய கோப்பை ப்ளகின் தானே அழித்துவிடும். தீம் கோப்பில் கை வைத்தால் அதற்குத் தகவல் போகாது.

வெளியேறிவிட்டு, பக்கத்தின் சோர்ஸைத் திறந்து அடிவரைக்கும் போய்ப் பார்க்கிறார். இந்தப் பக்கம் உருவாக எத்தனை விநாடி பிடித்தது, எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எடுத்து வைத்தது என்று ப்ளகின் குறித்து வைத்திருக்கிறது. நேரம், அவர் பட்டையை மாற்றியதற்கு முந்தையது. மறுபடி உள்ளே போய் சூப்பர் கேஷ் பக்கத்தைத் திறக்கிறார். அங்கே ஒரு பொத்தான் இருக்கிறது. ‘ரீபில்ட்’ அல்ல, ‘டிலீட் கேஷ்’. அழுத்துகிறார்.