இரண்டு காலும் மரத்துப் போகுதா? சுகர்னு விட்றாதீங்க... தண்டுவட பாதிப்பாக இருக்கலாம்!

‘கால்ல செருப்பு கழன்று போனதே தெரியல’, ‘சட்டை பட்டன் போட வரல’... வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால், சுகர், வாதம், வயசு என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். தைலம் தேய்ப்பதிலேயே நாட்கள் ஓடிவிடும். ஆனால் கோளாறு காலில் இல்லாமல், முதுகுக்குள் இருக்கும் தண்டுவடத்தில் இருந்தால், தாமதமாகும் ஒவ்வொரு நாளும் ஆபத்துதான்.

தண்டுவடம் என்ன செய்கிறது?

மூளையில் இருந்து கிளம்பி முதுகெலும்புக்குள் இறங்கும், சுமார் 45 செ.மீ. நீளமுள்ள நரம்புக் கற்றை இது. மூளையின் கட்டளை கை, கால்களுக்குப் போவதும், தொடு உணர்வு மூளைக்கு வருவதும் இந்த வழியில்தான். கழுத்துப் பகுதியில் பாதிப்பு என்றால் கைகளும் கால்களும் பலவீனமாகலாம். நடு முதுகு என்றால் இரண்டு கால்கள்.

எப்படி அடையாளம் காண்பது?

பக்கவாதம்: பெரும்பாலும் ஒரு பக்கக் கை, கால் திடீரென விழும். வாய் கோணும், பேச்சு குழறும்.

சுகர் நரம்பு பாதிப்பு: பாதத்தில் தொடங்கி, சாக்ஸ் போட்டது போல மெதுவாக மேலே ஏறும்.

தண்டுவட பாதிப்பு: இரண்டு கால்களும் விறைக்கும், தடுமாறும். மார்பிலோ வயிற்றிலோ கோடு போட்டது போல, அதற்குக் கீழே உணர்வு குறையும். சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், அல்லது அடக்க முடியாமல் போகலாம்.

காரணங்கள் என்னென்ன?

1. எலும்புத் தேய்மானம், ஜவ்வு விலகல்: வயதானவர்களுக்கு கழுத்தில் அதிகம். வலியே இல்லாமல்கூட மெதுவாக நடை மாறும்.

2. முதுகெலும்பு காசநோய்: இருமல் இல்லாமலும் வரும். விடாத முதுகு வலி, மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் கவனம் தேவை. அறுவை சிகிச்சை இல்லாமல், மருந்திலேயே பலர் குணமாவதை சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். ஆனால் பாதியில் நிறுத்தக்கூடாது.

3. கட்டிகள்: மார்பகம், நுரையீரல், புரோஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவி தண்டுவடத்தை அழுத்தலாம். படுத்தாலும் குறையாத இரவு வலி எச்சரிக்கை மணி.

4. தண்டுவட அழற்சி: சில மணி நேரத்திலோ, சில நாட்களிலோ கால்கள் செயலிழக்கும். இளம் வயதினருக்கும் வரும்.

5. பி12 குறைபாடு: இறைச்சி, பால், முட்டை எதுவும் சேர்க்காதவர்கள், பல வருஷமாக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசி, மாத்திரையிலேயே சரிசெய்யலாம்.

6. விபத்து: பண்ருட்டி பலா, ஊரெல்லாம் பனை, தென்னை என மரம் ஏறும் வேலை உள்ள மாவட்டம் நம்ம கடலூர். மரத்தில் இருந்து விழுந்தவரை தூக்கி உட்கார வைக்காதீங்க, பைக்கில் நடுவில் வைத்துக் கொண்டு போகாதீங்க. உடைந்த எலும்பு அசைந்து தண்டுவடத்தை நசுக்கலாம். கழுத்து அசையாமல் படுத்தபடியே இருக்கட்டும். 108-க்கு போன் செய்யுங்க.

எங்கே போவது?

கால் திடீரென பலமிழந்தாலோ, சிறுநீர் நின்றாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா என்ற பெயரில் இயங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை பக்கத்தில் உள்ளன. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். தண்டுவடத்தைப் பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவை.

சிகிச்சைக்குப் பிறகு இயன்முறைப் பயிற்சி முக்கியம். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள்.

தண்டுவடம் அழுத்தப்பட்டவர்களில், நடக்க முடிகிற நிலையிலேயே சிகிச்சைக்கு வந்தவர்கள்தான் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள். அதனால் கால் தடுமாற ஆரம்பிச்ச உடனே டாக்டரைப் பாருங்க. படுத்த பிறகு பார்த்துக்கலாம்னு காத்திருக்க வேண்டாம்.