முற்றுகைக்குள் சென்ற சோறு

கொழிஞ்சாம்பாறையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, அரிசி மாநில எல்லை கடந்து வருதல் நாள்தோறும் காணும் காட்சி. வேலந்தாவளம் வழியாகவும் கோபாலபுரம் வழியாகவும் சுமை லாரிகள் வருகின்றன, போகின்றன. அவற்றை எவரும் நின்று நோக்குவதில்லை. ஆயின், உணவுத் தட்டுப்பாடு நிலவிய 1960-களில் மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுசெல்லக் கட்டுப்பாடுகள் இருந்தமையை நம் முதியோர் மறந்திலர். ஒரு சாவடி அடைபட்டால் எத்தனை வீட்டு அடுப்புகள் வாடும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

அமைதிக் காலத்தில் இவ்வாறெனில், போர் நடக்கும் நிலத்தில் வாயில் அடைபடும்போது உள்ளே இருக்கும் குடிமக்கள் நிலை யாது? அவர்க்கு உணவு கொண்டுசெல்வோர் எவற்றையெல்லாம் கடக்க வேண்டியுள்ளது? ஈழத் தமிழர் வரலாற்றில் 1987-ஆம் ஆண்டிலும், 2008, 2009-ஆம் ஆண்டுகளிலும் நிகழ்ந்தவற்றைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கின்றோம்.

பறம்பின் பறவைகள்

முற்றுகை தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. வேந்தர் மூவரும் பாரியின் பறம்பு மலையை வளைத்துக்கொண்ட செய்தியைச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. பறம்பிலிருந்து காலையில் பறந்து சென்று மாலையில் நெற்கதிரோடு திரும்பும் குருவிக் கூட்டத்தை அகநானூற்றின் 303-ஆம் பாடலில் ஔவையார் காட்டுகின்றார். கபிலர் கிளிகளைப் பழக்கி வெளியிலிருந்து கதிர் கொணரச் செய்தார் என்பது வழிவழியாக வழங்கும் கதை. மண்வழி அடைபட்டபோது வான்வழியே உணவு வந்தது என்னும் கற்பனை, பசித்த உள்ளத்தின் வேட்கையிலிருந்து பிறந்தது. அவ்வேட்கை நம் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மெய்யாயிற்று. ஆனால் அதன் அளவு என்ன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1987: கடலும் வானும்

1987-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் முதலியன செல்வதை இலங்கை அரசு தடுத்தது. மே 26-இல் வடமராட்சிப் பகுதியில் பெரும் படையெடுப்பு தொடங்கியது. மக்கள் வீடுகளை விட்டு நீங்கிக் கோயில்களிலும் பள்ளிகளிலும் தங்கினர். உணவுப் பஞ்சம் இல்லை என்றது கொழும்பு; உண்டு என்றது புதுதில்லி.

அந்நாளில் தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த எம்.ஜி. இராமச்சந்திரன், 1917-இல் இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்தவர். அவர்தம் குடும்பத்தார் வாழ்ந்த வீடு நம் சித்தூர் வட்டத்து வடவன்னூரில் இன்று நினைவில்லமாக நிற்கின்றது. ஆதலின் கடலுக்கு அப்பால் நிகழ்ந்ததை அயலார் செய்தி என்று நாம் ஒதுக்குதற்கு இயலாது.

ஜூன் 3-ஆம் நாள், இருபதளவான மீன்பிடிப் படகுகள் ஏறத்தாழ 40 டன் பொருள்களோடு இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டன. செஞ்சிலுவைக் கொடி அவற்றில் பறந்தது. இலங்கைக் கடற்படை நடுக்கடலில் வழிமறித்தது. பேச்சு நீண்டது, பயன் விளையவில்லை. படகுகள் ஏற்றிய மூட்டைகளோடே கரை மீண்டன.

மறுநாள், ஜூன் 4, இந்திய வான்படையின் ஆன்டனோவ்-32 வகை விமானங்கள் ஐந்து, பெங்களூரிலிருந்து புறப்பட்டன. மிராஜ் 2000 போர் விமானங்கள் காவலாக உடன் சென்றன. யாழ்ப்பாணத்தின் மேல் ஏறத்தாழ 25 டன் பொருள்கள் வான்குடைகளில் இறக்கப்பட்டன. அந்நடவடிக்கைக்கு இட்ட பெயர் ‘பூமாலை’. தன் இறையாண்மை மீறப்பட்டது என்று இலங்கை அரசு கடிந்துரைத்தது. அம்மாதத்திலேயே இரு அரசுகளும் உடன்பாட்டுக்கு வந்தன. நிவாரணப் பொருள்கள் கப்பல் வழியே காங்கேசன்துறை சென்றன. ஜூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

ஈண்டு ஒரு சிறு கணக்கு. 1981-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி யாழ்ப்பாணத்து மக்கள்தொகை ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டது. 25 டன்னைப் பகிர்ந்தால், தலைக்கு 35 கிராம் அளவே தேறும்; அஃது ஒரு கைப்பிடி. வானிலிருந்து விழுந்த உணவு, ‘உங்களை மறந்திலோம்’ என்று அம்மக்களுக்குச் சொல்லிற்று. கொழும்புக்கு வேறொரு செய்தியைச் சொல்லிற்று. வயிற்றை நிரப்பும் அளவில் உணவு செல்ல, உடன்பட்டுத் திறந்த துறைமுகமே வேண்டியிருந்தது.

2009: எண்ணிக்கையின் கொடுமை

2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உறுதி தர இயலாது என்று கூறி, ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளரை வன்னியை விட்டு நீங்குமாறு இலங்கை அரசு பணித்தது. கிளிநொச்சி மக்கள் வாயிலில் திரண்டு, போகவேண்டாம் என்று வேண்டி நின்றனர். பணியாளர் நீங்கினர். பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு மட்டும் உள்ளே தொடர்ந்தது. அக்டோபர் முதல் 2009 ஜனவரி வரை உலக உணவுத் திட்டத்தின் லாரி அணிகள் பதினொன்று வன்னிக்குள் சென்றன. பின்னர்த் தரைவழி முற்றும் அடைபட்டது.

பிப்ரவரி முதல் எஞ்சியிருந்தது கடல் ஒன்றே. செஞ்சிலுவைக் குழு அமர்த்திய கப்பல், புதுமாத்தளன் கரைக்கு அப்பால் நங்கூரம் இட்டு நிற்கும். உணவும் மருந்தும் சிறு படகுகளில் கரை சேரும். காயமுற்றோர் அதே படகுகளில் கப்பலுக்கு ஏற்றப்படுவர். மே 9 வரை இவ்வாறு வெளியேற்றப்பட்ட நோயாளரும் உடன் சென்றோரும் 13,000 பேருக்கு மேல். அதன்பின் கப்பலால் கரையை அணுக முடியவில்லை.

உணவு ஏன் போதவில்லை? உள்ளே இருப்போர் எத்தனை பேர் என்னும் எண்ணே முதற் காரணம். பிப்ரவரியில் அரசு சொன்ன எண் ஏறத்தாழ 70,000. போர் முடிந்தபின் முகாம்களில் இருந்தோர் 2,80,000-க்கும் மேற்பட்டோர். முன்னரே வெளியேறியோரைக் கழித்தாலும் இவ்வேறுபாடு மிகப் பெரிது. தலைகளை எண்ணியே மூட்டைகள் ஒதுக்கப்படும். ஆதலின் எண்ணப்படாத ஒவ்வொரு தலையும் உணவற்ற தலையாகும். அரசு வேண்டுமென்றே எண்ணைக் குறைத்தது என்பதும், விடுதலைப்புலிகள் மக்களை வெளியேற விடாது தடுத்து, தப்ப முயன்றோரைச் சுட்டனர் என்பதும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் என 2011-இல் ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு கூறியது. அரசு அவ்வறிக்கையை மறுத்தது. ஒரு தரப்பு வாயிலை வெளியே அடைத்தது. மறு தரப்பு உள்ளே அடைத்தது. நடுவில் இருந்தோர் உப்பிட்ட கஞ்சியில் உயிர் தாங்கினர். ஆண்டுதோறும் மே மாதத்தில் வழங்கப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சி அந்நாள்களின் நினைவே ஆகும்.

புலம்பெயர்ந்தோர் அனுப்பிய கப்பல்

புலம்பெயர் குடும்பங்கள் வாளா இருக்கவில்லை. ஐரோப்பியத் தமிழர் திரட்டிய 800 டன்னுக்கும் மேற்பட்ட பொருள்களோடு, ‘வணங்காமண்’ எனப் பெயரிட்ட பணியில் ‘கேப்டன் அலி’ என்னும் கப்பல் 2009 மே மாதத்தில் புறப்பட்டது. அது கடலில் இருக்கும்போதே போர் முடிந்துவிட்டது. ஜூன் மாதத்தில் இலங்கைக் கடற்படை அதனை மறித்துத் திருப்பியது. பொருள்கள் சென்னைத் துறைமுகத்தில் இறக்கப்பட்டு, மற்றொரு கப்பலில் கொழும்பு சென்றும், மாதக்கணக்கில் அங்கே தேங்கின. அனுப்பியோர் அன்பில் குறையில்லை; வழியே குறையாயிற்று.

முடிவுரை

குடிமக்களைப் பட்டினியிடுதலைப் போர்முறையாகக் கொள்ளுதலை 1977-ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறைகள் தடுக்கின்றன. 2018-இல் ஐ.நா. பாதுகாப்பு அவையும் 2417-ஆம் தீர்மானத்தால் அதனைக் கண்டித்தது. எனினும், சட்டம் ஏட்டில் இருக்க, சாவி காவலன் கையில் இருக்கின்றது.

மணிமேகலை பெற்ற அமுதசுரபி மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் கிடைத்தது. அத்தீவு யாழ்ப்பாணத்து நயினாதீவே என்பர் அறிஞர் சிலர். எடுக்க எடுக்கக் குறையாத அப்பாத்திரத்தை ஏந்தி அவள் புகார் நகரத்துச் சிறைக்கோட்டம் புகுந்து பசித்தோர்க்கு உணவளித்தாள். ஆயினும் அச்சிறையை அறக்கோட்டமாக ஆக்குதற்கு அரசன் இசைவு வேண்டியிருந்தது; அதனை அவள் கேட்டுப் பெற்றாள். சாத்தனார் இதனைக் கதையோட்டத்திற்காக மட்டும் வைத்தார் என்று யாம் கருதவில்லை.

எங்கேனும் போரில் மக்கள் பசித்திருக்கின்றனர் என்னும் செய்தி வருங்கால் நாம் பொருள் திரட்டுகின்றோம், அது நன்று. அதனோடு இரண்டு வினாக்களையும் உரக்க எழுப்புதல் நம் கடன்: உள்ளே இருப்போர் எத்தனை பேர்? வாயிலைத் திறக்க வேண்டியவர் யார்? இவ்விரண்டிற்கும் காலத்தே விடை பெறாவிடின், நாம் கட்டும் மூட்டை கரையிலேயே கிடக்கும். சோறு புறப்பட்டமை ஒன்றையே எண்ணி நாம் அமைதல் கூடாது. அது பசித்தோர் கையைச் சேர்ந்ததா என்று கேட்பதே அறம்.