அடுத்து வேண்டப்படுவது யாது? வட்டு முன்வாசிப்பின் வரலாறு

கணனியின் நினைவகத்திலுள்ள தரவைப் பெறுவதற்கும் வட்டிலுள்ள தரவைப் பெறுவதற்கும் இடையிலான கால வேறுபாடு மிகப் பெரிது. 1970களில் பி.டி.பி.-11 கணனிகளுடன் பயன்பட்ட ஆர்.கே.05 வட்டில், வேண்டிய தரவை அணுகச் சராசரியாக 70 மில்லிசெக்கன்கள் சென்றன. நினைவகத்தை அணுகவோ ஏறத்தாழ ஒரு மைக்குரோசெக்கன் போதியதாயிருந்தது. இவ்வேறுபாட்டால் விளையும் காத்திருப்பைக் குறைக்கும் பொருட்டு, செய்நிரல் கேட்பதற்கு முன்னரே அடுத்த தரவை நினைவகத்துக்குக் கொண்டுவரும் முறை முன்வாசிப்பு எனப்படும். எவ்வளவு முன்வாசிப்பது, அதனை யார் தீர்மானிப்பது என்னும் வினாக்கள், பணிசெயல் முறைமையின் மையப் பகுதியாகிய கருவை வடிவமைத்தோரை அரை நூற்றாண்டாக எதிர்நோக்கி வந்துள்ளன.

பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிட்சியும் உருவாக்கிய யுனிக்ஸ் முறைமையின் 6ஆம் பதிப்பு 1975இல் வெளிவந்தது. அதன் கரு கையாண்ட வழி எளிமையானது. ஒவ்வொரு கோப்பிலும் இறுதியாக வாசிக்கப்பட்ட துண்டத்தின் இலக்கத்தை அது குறித்து வைத்தது. இப்போது கேட்கப்படும் துண்டம் அதற்கு அடுத்ததாயின், செய்நிரல் வரிசையாக வாசிக்கின்றது எனக் கொண்டு, மேலும் ஒரு துண்டத்தை முன்கூட்டியே கோரியது. துண்டம் ஒன்றின் அளவு 512 பைற்றுகள். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் லயன்ஸ் தம் மாணவர்களுக்காக விளக்கவுரை எழுதிய மூலநிரலில், இத்துண்டங்களைத் தாங்கும் இடையகங்கள் 15 மாத்திரமே இருந்தன. பயனாளர் அனைவரும் பகிர்ந்துகொண்ட அச்சிற்றிடத்தில், பிழையான ஊகம் ஒவ்வொன்றும் பிறரொருவருக்கு வேண்டிய துண்டத்தை வெளியேற்றிவிடக்கூடும்.

ஊகம் சரியாயினும் பயன் குன்றலாம் என்பதை, கலிபோர்ணியாவின் பேர்க்லியில் பணியாற்றிய மக்கூசிக், ஜோய், லெவ்லர், பாப்ரி ஆகியோர் 1984இல் வெளியிட்ட கட்டுரை புலப்படுத்தியது. துண்டத்தின் அளவை 1024 பைற்றுகளாக இரட்டித்த பின்னரும், பழைய கோப்பு முறைமை வட்டின் தரவுமாற்று ஆற்றலில் ஏறத்தாழ 4 சதவீதத்தையே பயன்படுத்தியது. புதிதாக அமைக்கப்பட்டபோது செக்கனுக்கு 175 கிலோபைற்றுகள் வரை இருந்த வேகம், சில வாரப் பாவனையின் பின் 30 ஆக வீழ்ந்தது. கோப்பொன்றின் அடுத்தடுத்த துண்டங்கள் வட்டெங்கும் சிதறியமையே இதற்குக் காரணம். துண்டத்தைக் குறைந்தது 4096 பைற்றுகளாக்கி, தொடர்புடையவற்றை அருகருகே வைத்ததனால், பயன்பாடு 47 சதவீதம் வரை உயர்ந்தது. முன்வாசிப்பின் பயன் தரவு வைக்கப்படும் ஒழுங்கையும் சார்ந்தது என்பது இதனாற் பெறப்படும்.

லினக்ஸ் கருவில், 2007இல் வெளிவந்த 2.6.23ஆம் பதிப்பில், வூ பெங்குவாங் வகுத்த முறை சேர்க்கப்பட்டது. இதன்படி கரு முதலிற் சிறிதளவே முன்வாசிக்கும். ஊகம் பலிக்கப் பலிக்க, குறித்த உச்ச எல்லை வரை அவ்வளவைப் பெருக்கும். முன்வாசித்த பக்கங்களுள் ஒன்றில் அடையாளமிட்டு, செய்நிரல் அதனை அடைந்ததும் அடுத்த தொகுதியைக் கோரும். இதனால் கையிருப்பு தீருமுன்னரே புதியது வந்துசேர வாய்ப்புண்டு.

அவ்வுச்ச எல்லை வழக்கமாக 128 கிலோபைற்றுகள். நிருவாகி அதனை வட்டுக்கு வட்டு மாற்றலாம். அதற்கான கட்டளைகளுள் ஒன்று இன்றும் 512 பைற்று அலகிலேயே கணக்கிட்டு, இவ்வெல்லையை 256 எனக் காட்டுகின்றது. பெருங் கோப்புகளை வரிசையாக வாசிக்கும் பணிக்கு எல்லையை உயர்த்துதல் நன்று. சிறு பதிவுகளை அங்குமிங்குமாகத் தேடும் தரவுத்தளத்துக்கு அது கேடாகலாம். 2001ஆம் ஆண்டின் போசிக்ஸ் நியமம், செய்நிரலே தன் நோக்கத்தைக் கருவுக்கு அறிவிக்க வழிசெய்தது. வரிசையாக வாசிப்பதாக அறிவித்தால் லினக்ஸ் எல்லையை இரட்டிக்கும். ஒழுங்கின்றி வாசிப்பதாக அறிவித்தால் முன்வாசிப்பை நிறுத்தும்.

ஆகவே, அறிவு மூவரிடையே பகிரப்பட்டுள்ளது எனலாம். கரு கடந்த வாசிப்புகளை அறியும். நிருவாகி வட்டின் இயல்பை அறிவார். செய்நிரலே தன் அடுத்த தேவையை அறியும். செய்நிரல்களுட் பல தம் நோக்கத்தை அறிவிப்பதில்லை. அதனால் ஊகிக்கும் பொறுப்பு கருவையே சார்கின்றது. பிழையான ஊகத்தின் இழப்பு, அதே வட்டையும் நினைவகத்தையும் பகிர்ந்துகொள்ளும் பிறரையும் சாரும். சிறிதாகத் தொடங்கி, ஊகம் மெய்ப்பட்ட பின்னரே அளவை வளர்க்கும் முறையின் நியாயம் இதுவேயாகும்.