வடத்தை எங்கே கட்டுவது?

சென்ற மாதம் என் பேரன் புது ஜீப்போடு வந்தான். முன்னால் சிவப்புப் பூச்சில் இரண்டு கொக்கிகள். "சேற்றில் மாட்டினால் இதில் கயிறு கட்டி இழுத்துவிடலாம் தாத்தா" என்றான். "கொக்கி சரி, அது எதில் மாட்டியிருக்கிறது?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தான். பம்பர் தகட்டில்! அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சுவழிப் பள்ளியில் படித்தபோது, எங்கள் வாத்தியார் ஒரு பழைய புகைப்படம் காட்டினார். மலைப்பாதை சரிந்து, ஒரு மோட்டார் வண்டி பாதி அந்தரத்தில் நிற்கிறது. "க்ருவாசியேர் ழோன்", அதாவது மஞ்சள் பயணம் என்றார். சித்ரோவேன் கம்பெனி நடத்திய பயணம் அது. ழார்ழ் மரி ஹார்த் தலைமையில் 1931 ஏப்ரல் 4 அன்று பெய்ரூட்டிலிருந்து புறப்பட்டார்கள். போய்ச் சேர வேண்டிய இடம் பீக்கிங். தங்கள் மண் வழியே போக சோவியத் அரசு மறுத்துவிட்டதால் இமயமலையைத் தாண்ட வேண்டியதாயிற்று. ஜூலையில் ஸ்ரீநகரிலிருந்து இரண்டு வண்டிகள் மட்டும் கில்கித் நோக்கிக் கிளம்பின. முன்னால் சக்கரம், பின்னால் கெக்ரெஸ் என்ற பொறியாளர் வகுத்த ரப்பர் பட்டை. பாதையோ மட்டக்குதிரை போவதற்கானது. சில இடங்களில் வண்டியைக் கழற்றிச் சுமந்துகொண்டு போனார்கள். அப்படிப் போகும்போதுதான் ஒரு வண்டியின் கீழே பாதை சரிந்தது. அதையும் மீட்டு, ஆகஸ்ட் தொடக்கத்தில் இரண்டு வண்டிகளையும் கில்கித்தில் சேர்த்தார்கள். அதற்கு மேல் வண்டி போகாது என்று குதிரையேறினார்கள். 1932 பிப்ரவரியில் பீக்கிங் அடைந்தார்கள்.

அப்போது எங்களுக்கு அது வெறும் வீரக்கதை. பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் வண்டியை எதைப் பிடித்து இழுப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. எனக்கு அந்தப் பாடம் பிற்பாடு வந்தது.

நான் எழுத்தராகச் சேர்ந்த புதிதில், காரைக்கால் பக்கம் வெள்ளக் கணக்கெடுக்கப் போனோம். அலுவலக ஜீப் களிமண்ணில் அச்சுவரை இறங்கிவிட்டது. ஒரு டிராக்டரை அழைத்தோம். "சேற்றில் கைவிட்டுத் தேடுவானேன், பம்பரிலேயே கட்டுங்கள்" என்று அவசரப்படுத்தியவன் நான்தான். டிராக்டர் வெட்டி இழுத்ததும் பம்பர் பிய்ந்து, கயிற்றோடு பறந்து போய் டிராக்டர் ஓட்டிய பையனின் தோளில் அடித்தது. உயிர் தப்பினான். ஆனால் அந்தக் கை அதன்பின் முழுதாக உயரவில்லை. எங்கள் டிரைவர் அண்ணன் ஒன்றும் பேசாமல் சேற்றில் படுத்து, சேஸிஸ் சட்டத்தில் இருபுறமும் சங்கிலி கட்டினார். வண்டி மெதுவாக வெளியே வந்தது.

வில்லியனூர் தேரோட்டத்துக்குப் போகாத புதுச்சேரிக்காரர் உண்டா? அந்த நாளில் பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடிப்பார். தேரின் அலங்காரக் காலில் யாராவது வடம் கட்டுவார்களா? பாரம் தாங்கும் அடிப்பீடத்தில் அல்லவா கட்டுவார்கள்!

வண்டிக்கும் அதே நியாயம்தான். சேற்றில் புதைந்த வண்டியை இழுக்க, சில சமயம் அதன் எடைக்கும் மேலான விசை வேண்டும். ஆகவே கொக்கி சேஸிஸ் சட்டத்தோடு, தரமான கெட்டி போல்ட்டுகளால் பிணைந்திருக்க வேண்டும். லாரியில் ஏற்றும்போது ஆடாமல் கட்டுவதற்கு வைத்த மெல்லிய வளையம் இதற்கு ஆகாது. டிரெய்லர் மாட்டும் குண்டும் ஆகாது. அது முறிந்தால் பீரங்கிக் குண்டாகவே பாயும். இரண்டு கொக்கிகள் இருந்தால் இரண்டிலும் கட்டிப் பாரத்தைப் பகிருங்கள். இழுக்கும்போது கயிற்றின் நேரே யாரும் நிற்கக் கூடாது.

நேற்றுப் பேரன் மறுபடி வந்தான். கொக்கிகளைச் சட்டத்துக்கு மாற்றிவிட்டானாம். படுத்துப் பார்க்க என் முதுகு இடம் தரவில்லை. கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினான். ஒவ்வொரு போல்ட்டாக எண்ணிப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.