அக்னாஸ்டிசிசம் (அறியொணாவாதம்)

கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிய மனிதரிடம் போதிய சான்று இல்லை எனக் கொள்ளும் மெய்யியல் நிலைப்பாடு. இச்சொல்லுக்கு அடிப்படையான ‘அக்னாஸ்டிக்’ என்பதை 1869இல் உருவாக்கியவர் ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி (1825–1895).

சொற்பிறப்பு: கிரேக்கத்தில் ‘க்னோசிஸ்’ என்றால் அறிவு; ‘அ’ எதிர்மறை முன்னொட்டு. 1869இல் லண்டனில் தொடங்கிய மெய்யியல் கழகத்தின் உறுப்பினர்கள் பலரும் ஏதேனும் ஒரு கொள்கைப் பெயரைத் தாங்கியிருந்தனர். தம் நிலைக்குப் பொருந்தும் பெயர் இல்லாததால் தாமே ஒன்றை ஆக்கியதாக ஹக்ஸ்லி 1889இல் எழுதினார். மறைஞானம் பெற்றதாக உரிமை கொண்டாடிய தொடக்கக்காலக் கிறித்தவப் பிரிவினரான ‘க்னாஸ்டிக்’குகளுக்கு எதிர்ச்சொல்லாகவே அதை அமைத்தார்.

‘ஸ்பெக்டேட்டர்’ இதழாசிரியர் ஆர். எச். ஹட்டன் 1881இல் வேறு விளக்கம் தந்தார். ஏதென்சில் ‘அறியப்படாத கடவுளுக்கு’ எழுப்பிய பலிபீடம் பற்றித் திருத்தூதர் பணிகள் நூலில் புனித பவுல் குறிப்பிடுவதிலிருந்தே இச்சொல் பிறந்தது என்றார். அங்குள்ள கிரேக்கச் சொல் ‘அக்னோஸ்டோஸ்’. ஹக்ஸ்லியின் 1889ஆம் ஆண்டு விளக்கத்தில் இப்பலிபீடம் இடம்பெறவில்லை.

பரவலும் பொருளும்: ஸ்பெக்டேட்டர் வழியே சொல் விரைந்து பரவியது. சார்லஸ் டார்வின் 1879ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் தம் மனநிலைக்கு இதுவே பொருத்தமான பெயர் என்றார். ஹக்ஸ்லிக்கு இது சமயக் கோட்பாடு அன்று. சான்று இட்டுச்செல்லும் எல்லைவரை மட்டுமே உறுதி கூறும் ஆய்வுநெறி. கடவுள் இல்லை என உறுதியாக மறுக்கும் நாத்திகத்திலிருந்து இதைப் பிரிப்பது இந்நெறியே.