ஆயிரம் விளக்கில் ஏற்றிய விளக்கு

ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் நம் இல்லங்களில் ஒரு பேச்சு எழுவதுண்டு. இந்தப் பள்ளியில் எல்லாரும் தேறினர், அந்தப் பள்ளியில் பாதிப்பேர் தவறினர். ஆதலின் இது நல்ல பள்ளி, அது ஆகாத பள்ளி என்று முடிவு கட்டிவிடுகின்றோம். அங்குப் பயில்வோர் யாவர், அவர்தம் பெற்றோர் செய்யும் தொழில் யாது, காலையில் அப்பிள்ளைகள் உண்டு வந்தனரா என்று நாம் கேட்பதில்லை. நூறாண்டுகளுக்கு முன்பே இக்கேள்வியைக் கேட்டு, விடையும் கண்ட ஒரு நகர மன்றத்தின் வரலாற்றை இம்மலர் வாயிலாக அன்பர்களுக்கு நினைவூட்ட விரும்புகின்றோம்.

சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சி நடத்திவந்த பள்ளி ஒன்று இருந்தது. அதன் மாணவர் தொகை பெருகவில்லை. பிழை ஆசிரியர் மீது என்றோ, பெற்றோருக்குக் கல்வியில் நாட்டமில்லை என்றோ சொல்லிவிட்டு அமைதியுறுதல் எளிது. அவ்வாறு சொல்லாது, அப்பள்ளியின் மாணவர் யார் என்பதை மன்றம் நோக்கியது. 1920ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் கூடிய கூட்டத்தில் அப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் தீர்மானம் வந்தபோது, மன்றத் தலைவர் பிட்டி தியாகராயர் காரணத்தை விளக்கினார். பிள்ளைகள் ஏழைகள், அவ்வறுமையே பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைப் பெரிதும் குறைக்கின்றது என்பதே அவர் கருத்து. பிள்ளை ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுணவு வழங்க மன்றம் இசைந்தது.

ஓர் அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. அச்சிறு தொகை செய்த வேலையைக் கணக்கே கூறும். திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அவ்வைந்து பள்ளிகளிலும் 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை, 1924-25இல் 1,671 ஆயிற்று. ஈராண்டுகளில் இருமடங்குக்கும் சற்று மிகுதி! பாடநூல் மாறியதால் வந்த பெருக்கமன்று இது. கட்டடம் உயர்ந்ததால் வந்ததுமன்று. நண்பகலில் பசிக்கு ஒரு பிடி கிடைக்கும் என்ற நம்பிக்கை, வீட்டிலும் வீதியிலும் நின்ற பிள்ளைகளை வகுப்பறைக்குள் அழைத்து வந்தது. வகுப்புக்கே வாராத பிள்ளைக்குத் தேர்ச்சி ஏது, மதிப்பெண் ஏது?

ஆயினும் நற்பணிக்கு இடையூறு வந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுதல் ஆகாது என்று ஆங்கில அரசு தடுத்தமையால், 1925 ஏப்ரல் முதல் நாளன்று திட்டம் நின்றது. உணவு வேறு, கல்வி வேறு என்பது அவ்வரசின் கணக்கு. அதே ஏப்ரல் மாதத்திலேயே தியாகராயரும் மறைந்தார். ஈராண்டு இடைவெளிக்குப் பின்னர், 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கென உணவு மீண்டும் தொடங்கியது. ஒரு முறை உண்மை கண்ட நகரம் அதனை மறக்கவில்லை.

பின்னர் நிகழ்ந்தவற்றை அன்பர்கள் பலரும் அறிவர். 1956இல் காமராசர், கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு போன்றோர் துணைநிற்க, மதிய உணவை மாநிலம் முழுவதும் உள்ள தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றார். ஊர்மக்கள் அரிசியும் காய்கறியும் விறகும் பணமுமாக ஈந்து அதனைத் தாங்கினர். 1982 சூலை முதல் நாளன்று எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1995 ஆகஸ்டு 15இல் நாடு தழுவிய திட்டம் ஒன்று பிறந்தது; 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவே வழங்கவேண்டும் என்று ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டில் காலை உணவும் சேர்ந்தது. அன்று ஐந்து பள்ளிகளில் கண்ட உண்மை, இன்று நாம் பிழைக்க வந்த இந்நகரின் கார்ப்பரேஷன் பள்ளியிலும் நண்பகல் மணியாக ஒலிக்கின்றது.

வயிறு நிறைந்தால் மட்டும் கல்வி நிரம்பிவிடுமோ எனின், நிரம்பாது. நல்லாசிரியர் வேண்டும்; நூல் வேண்டும்; மாலையில் படிக்க இடமும் வீட்டில் வேண்டும். ஆயின் இவையனைத்தும் பிள்ளை பள்ளிக்கு வந்த பின்னரே பயன்தருவன. பசி என்னும் தடையை நீக்கியது முதற்படி. அப்படியில் ஏறியவர்களுள் நம் தந்தையரும் பாட்டன்மாரும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது. பகலுணவுக்காகப் பள்ளிக்குச் சென்று, எழுத்தறிந்து, வேலை பெற்று, வடபுலத்து ரயிலேறி வந்தவர் வழியில் பிறந்தோர் நம்மிடையே பலர்.

அவ்வாறு உயர்ந்த நாம் செய்ததென்ன? வசதி வந்தவுடன் நம் பிள்ளைகளைக் கட்டணப் பள்ளிக்கு மாற்றினோம். பொதுப்பள்ளியில் எஞ்சியவர் பெரும்பாலும் கூலி வேலை செய்வோர், ஊர்விட்டு ஊர் வந்தோர், வீட்டுமொழி ஒன்றும் பள்ளிமொழி மற்றொன்றுமாக இடர்ப்படுவோர் ஆகியோரின் பிள்ளைகளே. பின்னர் இரு பள்ளிகளின் தேர்ச்சிப் பட்டியலையும் அருகருகே வைத்து, பொதுப்பள்ளி தாழ்ந்தது என்கின்றோம். ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் தொடங்கும் கோடு வேறு, மற்றவன் தொடங்கும் கோடு வேறு. முடியுமிடத்தை மட்டும் அளந்து தீர்ப்புக் கூறுதல் நேர்மையாகாது.

சங்கத்து அன்பர்கள் இனியொரு தேர்ச்சிப் பட்டியலைக் காணும்போது, அதன் பின்னே நிற்கும் பிள்ளைகளையும் ஒரு கணம் எண்ணுவார்களாக. இயன்றோர், தம் தெருவிலுள்ள பொதுப்பள்ளிக்கு ஒரு நாள் சென்று, மாலையில் ஒரு மணி நேரம் பாடம் சொல்லிக்கொடுக்க முன்வருவார்களாக. ஓர் அணாவில் தொடங்கிய பணி அது. நாம் கொடுக்கும் ஒரு மணி நேரமும் வீண்போகாது.